கோணல் இல்லாத மேஜை

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கூட வேலை செய்கிறவர்கள் அவரை ‘நூல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு குறுகலான சந்தாக இருந்தாலும் நூல் பிடித்த மாதிரி வண்டியை எடுப்பார் என்பதால் வந்த பெயர். வேலை முடிந்தால் பில்லியர்ட்ஸ் மேஜைக்குப் போய்விடுவார். அங்கேயும் அப்படித்தான், குச்சியைப் பிடித்தால் பந்து குறி தப்பாது. என் தம்பி தையல்காரன். அவரோடு ஆடி ஆடித் தோற்பதை இன்னொரு தொழிலாகவே வைத்திருந்தான்.

விடுமுறை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸைப் பள்ளிக்கூட கேட் தூணில் உரசிவிட்டார். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆனால் வீட்டில் அவர் தண்ணீர் ஊற்றும்போது பாதி டம்ளருக்கு வெளியே போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண் டாக்டரிடம் போகலாம் என்று பேச்செடுத்தால் முகம் மாறிவிடும்.

மகள் எங்களைத் தீவுக்கு அனுப்பி வைத்தாள். தம்பியும் ஒட்டிக்கொண்டான். கப்பலில் வைத்து மறுபடி கேட்டேன். “திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. பிள்ளைங்கள ஏத்துறதுக்கு முன்னால ஒரு தடவை கண்ணைக் காட்டிடலாங்க.”

“கண்ணுல ஒண்ணுமில்ல. அங்க ஒரு மேஜை கிடைக்காமலா போகும்? இவனை உன் எதிர்ல நாலு ஆட்டம் கவுத்துக் காட்டறேன். அப்பறம் நீ வாயத் திறக்கக் கூடாது.”

“தோத்தா?” என்றேன்.

“தோத்தா டாக்டர்.”

தம்பி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். “அக்கா, இப்பவே டாக்டர்கிட்ட டோக்கன் போட்டு வை.”

தங்கிய விடுதியிலேயே ஒரு மேஜை இருந்தது. கடல் காற்றில் அதன் பச்சைத் துணி ஊறி உப்பியிருந்தது. அவர் அடித்த பந்து குழிக்குப் பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றது. தம்பி ஜெயித்தான். ஜெயித்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை.

“ஈரத்துணியில ஆடினா இப்படித்தான்” என்றார் இவர்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று தம்பி சிரித்தான்.

அடுத்த நாள் துறைமுகத் தெருவில் விசாரித்துக்கொண்டே போனோம். ஒரு சலவைக் கடையின் பின்கட்டில் மேஜை இருப்பதாகச் சொன்னார்கள். துவைத்த போர்வைகளுக்கு நடுவே அது நின்றது. ஒரு காலுக்கு அட்டை மடித்துச் செருகியிருந்தார்கள். அங்கேயும் தோற்றார். அன்று மேஜை நிஜமாகவே சாய்ந்துதான் இருந்தது, நானே பந்தை வைத்துப் பார்த்தேன், தானாக ஓரத்துக்கு உருண்டது. எனக்கு வந்த ஆறுதலை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. மேஜைதான் கோணல் என்று நான் நம்ப ஆசைப்பட்டேன்.

திரும்பும்போது வாடகைக் காரை அவரே ஓட்டினார். ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், அதற்குக் கீழே கடல். எதிரே ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். நல்ல வெயில், அவள் சட்டையோ மஞ்சள். கார் அவளை நோக்கியே போனது.

“ஏங்க” என்று கத்திவிட்டேன். கடைசி நொடியில் ஒடித்து நிறுத்தினார். அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்று எங்களையே பார்த்தாள்.

“குறுக்க வந்துட்டா” என்றார்.

அவள் குறுக்கே வரவில்லை. தம்பி பின்சீட்டிலிருந்து இறங்கி முன்னால் வந்தான். “அத்தான், கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன். எனக்கும் ஆசையா இருக்கு.” அவர் மறுக்காமல் நகர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தம்பி கிண்டல் பேசவே இல்லை. நான் மனதுக்குள் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

கப்பல்காரர்கள் ஓய்வெடுக்கும் கூடத்தில் நல்ல மேஜை இருப்பதாக விடுதியில் சொன்னார்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் போனோம். அங்கிருந்த எஞ்சின் மெக்கானிக் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மேஜை நடுவில் வைத்துக் காட்டினார்.

“பாத்துக்குங்க. எந்தப் பக்கமும் சாயல. இல்லேன்னா எங்க ஆளுங்க தோத்ததும் மேஜையைத் திட்டுவானுங்க. அதுக்காகவே நான் சரி பண்ணி வைக்கறது.”

இனிச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. இவர் குனிந்து வெகுநேரம் குறி பார்த்தார். பந்து குழியின் உதட்டில் பட்டுத் திரும்பியது. அடுத்ததும் அப்படியே. நெற்றியில் வியர்வை கோத்தது. தம்பி ஒவ்வொன்றாகப் போட்டுவந்தான். கடைசியில் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி, அதைப் போட்டால் அவனுக்கு ஆட்டம். அது குழிக்கு நேர் எதிரே நின்றது. அவன் மெதுவாகத் தட்டினான். வெள்ளைப் பந்து அதைத் தொடாமலே தாண்டிப் போனது.

மெக்கானிக் சிரித்துவிட்டார். “இதைத் தூக்கத்துலயே போடலாமே தம்பி.”

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. குச்சியை மேஜைமேல் வைத்தார்.

“டேய். வேணும்னே விட்டியா?”

“கை வழுக்கிடுச்சு அத்தான்.”

“என்னை ஜெயிக்கணும்னு நீ வேண்டாத சாமி இல்ல. உனக்கு இன்னிக்குப் பாத்து கை வழுக்குதா?”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இவர் அந்தக் கறுப்புப் பந்துக்கு நேராகப் போய் நின்று, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். அப்படியே நின்றார்.

“என்னங்க தெரியுது?” என்று கேட்டேன்.

“மேஜை தெரியுது. குழி தெரியுது. பந்து இருக்கற எடம் மட்டும் அழிச்சு விட்ட மாதிரி இருக்கு.”

“எப்பலேர்ந்து?”

“தூணுல உரசறதுக்கு முன்னாலயே.”

அவர் தோளில் கை வைத்தேன். சட்டை நனைந்திருந்தது. என் கைப்பையைக் காட்டிப் போனைக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவரின் எண்ணை என்னையே போடச் சொன்னார்.

“சார், நான்தான். திங்கக்கிழமை என் வண்டிக்கு வேற ஆளைப் போடுங்க... ஜுரமெல்லாம் இல்ல சார். கண்ணு சரியில்ல... எத்தனை நாளுன்னு தெரியல. டாக்டர் சொல்லணும்... ஆமா சார். பிள்ளைங்க இருக்கற வண்டி.”

போனை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மெக்கானிக் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

“மச்சான், ஆட்டம் பாக்கி இருக்கு” என்றார் இவர்.

“வேணாம் அத்தான். கப்பலுக்கு நேரமாச்சு.”

“போடுடா. ஒழுங்காப் போடு.”

தம்பி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். பந்து விழுகிற சத்தம் கேட்டது. இவர் எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை.