விஜயக்கா ஆப்பிரிக்கா போன விதம்

சுமந்தை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நல்லது. பிறகு யாரும் வந்து, நீ ஒருபக்கமாகப் பேசுகிறாய் என்று என்னிடம் சண்டைக்கு நிற்கக்கூடாது. ஒருபக்கமாகத்தான் பேசப்போகிறேன்.

அவனுடைய அக்கா விஜயம் என் சிநேகிதி. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த மேஜை. அவள் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள். நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள் என்பதால் எனக்கு அவள் விஜயக்கா.

விஜயக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் அப்பா சாம்பசிவன் பத்மநாபசுவாமி கோயில் வேலையில் இருந்தவர். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவர் விழுந்தார், ஒரு பக்கம் வராமல் போயிற்று. அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களும், பெரியவரை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார்கள். அக்கா அதையே தன் தம்பியிடம் கேட்டாள். கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் வேலை, அங்கேயே ஃபிளாட், தனக்கு எப்படி முடியும் என்று அவன் திருப்பிக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் மனைவியோடு வந்துவிடுவான்.

அந்த வருடங்களில்தான் அவளுக்குக் காட்டு மிருகப் பைத்தியம் பிடித்தது. அப்பாவைத் துடைத்து, உடை மாற்றி, கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டு போனில் சிறுத்தையைப் பார்ப்பாள். கென்யா, தான்சானியா எல்லாம் அவளுக்கு ஆகாது. ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது ஜீப் நிற்கும், அந்த நெரிசலுக்கு நம்முடைய பஸ் ஸ்டாண்டே போதும் என்பாள். அதிகம் பேர் போகாத இடமாகவும், பஸ்ஸில் போய் அடையக்கூடியதாகவும், ஆடிட்டர் ஆபீஸ் சம்பளத்துக்குள் அடங்குவதாகவும் வேண்டும். தேடித் தேடி மலாவியையும் ஜாம்பியாவையும் பிடித்தாள். மும்பையிலிருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து மலாவியின் லிலோங்வே, பிறகு பஸ்ஸில் எல்லை தாண்டி, ஷேர் டாக்சியில் லுவாங்வா ஆற்றங்கரை. கரையில் ஒரு சின்ன முகாம், மலிவுக் கூடாரங்கள். அக்டோபர் கடைசியில் ஆறு வற்றி, மிச்சமிருக்கும் தண்ணீருக்கு யானையும் சிறுத்தையும் நீர்யானையும் ஒரே இடத்துக்கு வரும். வெயில் மண்டையைப் பிளக்கும் என்றார்களாம். திருவனந்தபுரம் மீன மாத வெயிலைப் பார்த்தவளிடம் சொல்கிறார்கள்.

சும்மா கனவு கண்டவள் இல்லை அவள். முதுகுப்பையில் பத்துக்கிலோ அரிசியை வைத்துக்கொண்டு சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை வரை நடப்பாள். "விஜயம் ரேஷனை வாங்கிண்டு எங்கேயாக்கும் போறா?" என்று தெருவில் சிரித்தார்கள். அந்த ஊர்களில் மக்காச்சோளக் களியும் பயறும்தான் சைவத்துக்குக் கதி என்று தெரிந்ததும், மத்தியானம் ஆபீசுக்கு அதையே கொண்டுவந்தாள். நானும் ஒரு வாய் தின்று பார்த்தேன். இதைத் தின்கிறவள் எங்கேயும் போய்விட்டு வருவாள் என்று எனக்கு அன்றே நம்பிக்கை வந்தது.

அப்பா போனார். வருஷாப்திகமும் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுமந்த் சாப்பிட்டுக்கொண்டே கேட்டானாம்: "அக்கா, அந்த ஆப்பிரிக்கா பிளானை எனக்கு அனுப்பேன். அடிபொளி ஐடியாவாக்கும் அது."

தம்பியும் கூட வரப்போகிறான் என்று அவள் நினைத்துவிட்டாள். மறுநாள் ஆபீசுக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கணும். எந்த பஸ், எந்த ஊசி, எல்லையில் எங்கே பணம் மாற்றக்கூடாது என்பது வரை எல்லாவற்றையும் அவனுக்கு அனுப்பிவிட்டு, இனி தனியாகப் போகவேண்டாம் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து அதே சாப்பாட்டு மேஜையில் அவன் விஷயத்தை உடைத்தான்.

"டிக்கெட் போட்டாச்சு அக்கா. நாங்க ஆறு பேர். ஆபீஸ் கேங்."

"ஆறு பேர்ல நான் உண்டோ?"

"நீ எதுக்குக்கா? பையைத் தூக்கிண்டு பஸ்ஸில அலையற காரியமாக்கும். எல்லாரும் ஒரே வயசு. உன்னால நாங்க ஸ்லோ ஆயிடுவோம். நீ ஒரு ஹெல்ப் பண்ணு, எங்க ஃபிளாட்டில வந்து டைசனைப் பாத்துக்கோ. உனக்குத்தான் மிருகம்னா உசிராச்சே."

டைசன் அவர்கள் வளர்க்கும் நாய். அவன் மனைவி ஸ்ரீலக்ஷ்மி சிரித்தாளாம். ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

"எக்கா, கையில இருந்த சாம்பாரை அவன் மூஞ்சில ஊத்தியிருக்காண்டாமா?" என்று நான் கேட்டேன்.

"பருப்பு விக்கற விலைக்கா?" என்றாள். ஆனால் அவள் உதடு துடித்தது. அழுகை இல்லை அது. இத்தனை வருடமும் அவளிடம் நான் பார்க்காத கோபம். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவன், சிதறியதைப் பொறுக்கக்கூட அக்காவைக் கூப்பிடவில்லையே என்று எனக்கும் வயிறு எரிந்தது.

சரி, தனியாகவே போகிறேன் என்று அவள் முகாமுக்கு எழுதினாள். அந்த வாரம் முழுக்க எல்லாக் கூடாரமும் உங்கள் ஊர்க் குழு ஒன்றுக்கே கொடுத்தாகிவிட்டது, அவர்கள் வராமல் போனால் உங்களுக்குத் தருகிறேன் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு மழை தொடங்கிவிடும், பாதை மூடிவிடும். ஆடிட்டரோ அடுத்த வருடம் லீவு கிடையாது என்று இப்போதே சொல்லிவிட்டார். அவளுடைய வழியில், அவளுடைய மாதத்தில், அவளுடைய கூடாரத்தில் அவன் படுக்கப்போகிறான். அவள் கழக்கூட்டத்தில் நாய்க்குச் சோறு வைக்கப்போகிறாள்.

நாயைப் பொறுப்பேற்க எப்போது வரவேண்டும் என்று தெரிவதற்காக அவன் டிக்கெட்டை அவளுக்கு அனுப்பினான். ஆபீஸ் மேஜையில் அதைத் திறந்து மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"பகவதி, இந்தத் தேதியைப் பாரு. சாயங்கால ஃப்ளைட்டு."

எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்று அல்பசி ஆராட்டு.

வருடத்தில் இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி கடலில் நீராட எழுந்தருளுவார்; அதுதான் ஆராட்டு. அந்த ஊர்வலம் விமான ஓடுதளத்தைக் குறுக்கே கடந்துதான் சங்குமுகம் போகும். அன்று சாயங்காலம் சில மணி நேரத்துக்கு விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். வெளியூர்க்காரன் நம்பமாட்டான். ஆனால் இவன் வெளியூர்க்காரனா? அந்த ஊர்வலத்தோடு வருடாவருடம் நடந்துபோன மனுஷனின் பிள்ளை. விஜயக்கா போட்டிருந்த தேதி ஆராட்டுக்கு மறுநாள். ஒரு நாள் லீவு மிச்சமாகுமே என்று இவர்கள் அதை முந்தைய நாளுக்கு இழுத்திருக்கிறார்கள். அக்கா ஏன் அந்தத் தேதியைப் போட்டாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சொல்லிருவியளா?" என்றேன்.

"ஒரு தடவை கேப்பேன். அவன் பதிலைப் பாத்துட்டுத் தீர்மானிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். "ஏண்டா சுமந்த், நான் வேற தேதியில்லையா போட்டிருந்தேன்? இதை மாத்தறதுக்கு முன்னாடி யோசிச்சியோ?"

"அக்கா, டிக்கெட் விஷயமெல்லாம் உனக்கு மனசிலாகாது. நீ டைசனுக்கு என்ன கொடுக்கணும்னு மட்டும் லக்ஷ்மிகிட்ட கேட்டுக்கோ."

அவ்வளவுதான். கேட்டுக்கொண்டாள். நாய்க்கு எத்தனை வேளை, எந்த பிஸ்கட் என்று தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். மறுநாள் ஆபீசுக்கு வந்து தனக்கு டிக்கெட் போட்டாள். மும்பையிலிருந்து அதே விமானம். இங்கிருந்து மட்டும் ஆராட்டு அன்று காலையிலேயே கிளம்பும் விமானம். விமான நிலையம் மூடும் செய்தி பேப்பரில் வந்ததும் அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். சுமந்த் பேப்பர் படிப்பதில்லை. நேரம் மாறியதாக விமானக் கம்பெனி அனுப்பிய தகவலோ, அந்த ஆறு பேரில் டிக்கெட் போட்ட அனூப் என்பவன் திறந்தே பார்க்காத மெயில்களுக்கு நடுவே கிடந்திருக்கிறது.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இந்தச் சாது காட்டுக்கே கிளம்பிவிட்டாள். ஆராட்டு அன்று காலை நானும் போய் வழியனுப்பினேன். அரிசி சுமந்த அதே பை. இப்போது உள்ளே துணியும், வழியில் தின்ன அரிசிமாவில் வறுத்த அவலோசுப்பொடியும். "நாயை என்னக்கா செய்வியோ?" என்றேன். "அதோட யஜமானர்கள் ராத்திரிக்குள்ள ஆத்துக்கு வந்துடுவா" என்றாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சற்றுப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மத்தியானம் அவள் வராததைப் பார்த்து சுமந்த் போன் அடித்திருக்கிறான். போன் அணைத்திருந்தது. நாயைப் பக்கத்து ஃபிளாட்டில் கெஞ்சிக் கூத்தாடி விட்டுவிட்டு ஆறு பேரும் கிளம்பினார்கள். வழியெல்லாம் போலீஸ் தடுப்பு. சுற்றிச் சுற்றி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், கவுண்டரில் இருந்த பெண் அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன நாள் என்றுகூடத் தெரியாதா என்கிற மாதிரி கேட்டாளாம்: "இன்னு ஆறாட்டல்லே சாரே, அறிஞ்ஞில்லே?"

அவர்களுடைய விமானத்தை மறுநாள் காலைக்கு மாற்றியிருந்தார்கள். அதில் போனால் மும்பையில் அடிஸ் அபாபா விமானம் பறந்துபோயிருக்கும். கொச்சிக்கு ஓடலாம் என்றால் அங்கும் ஆறு பேருக்கு இடமில்லை. தனித்தனியாக மலிவாக வாங்கிய டிக்கெட்டுகள். ஒன்று போனால் பின்னால் உள்ள எல்லாம் போயிற்று.

மும்பை விமான நிலையத்தில் விஜயக்கா போனைத் திறந்ததும் அவன்தான் அழைத்தான். இதை அவளே பிறகு எனக்கு வரிவிடாமல் சொன்னாள்.

"அக்கா, எங்க இருக்கே நீ? எங்க ஃப்ளைட்டு போச்சு. ஆராட்டாம்!"

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"நீ டிக்கெட் அனுப்பின அன்னிலேர்ந்து. நான் இப்ப பம்பாயில இருக்கேன். லுவாங்வா போறேன்."

அவன் கத்தினான். சொந்த அக்காவா நீ, இப்படிச் செய்ய எப்படி மனசு வந்தது, ஆறு பேருடைய பணம், லக்ஷ்மி அழுகிறாள் என்றெல்லாம் கத்தினான். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு சொல் விடாமல் கேட்டாளாம். இத்தனை வருடத்தில் அவன் தன்னிடம் இவ்வளவு நேரம் பேசியது அன்றுதான் என்றாள்.

கத்தி ஓய்ந்த பிறகு அவன் குரல் இறங்கியது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. நீ அங்கயே ஒரு நாள் தங்கு. நாங்க புதுசா டிக்கெட் எடுத்து எப்படியாவது நாளைக்கு வந்துடறோம். எல்லாருமா சேர்ந்து போலாம். வழியெல்லாம் உனக்குத்தானே தெரியும். நீ இல்லாம எங்களால முடியாது. வா அக்கா, சேர்ந்து போலாம்."

இதைச் சொல்லும்போது மட்டும் விஜயக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இதைத்தான் சொல்லுவான் என்று இரண்டு மாதம் காத்திருந்தவள் அவள். சாப்பாட்டு மேஜையில் இதில் பாதியைச் சொல்லியிருந்தால்கூட அவனுடைய பையையும் சேர்த்துச் சுமந்திருப்பாள்.

"அக்கா? லைன்ல இருக்கியா? போர்டிங் கூப்பிட்டுட்டாளா?"

"இல்லைடா. இன்னும் நிறைய நேரம் இருக்கு" என்றாள். "ஆனாலும் வெச்சுடறேன்."

போனை வைத்துவிட்டு, அந்தக் குழு வரவில்லை, நான் வருகிறேன், ஒரு கூடாரம் போதும் என்று முகாமுக்கு எழுதினாள்.