ஏழு வால்வும் ஒரு மணியும்

கடலோர ஊரில் வெந்நீர் எதற்கு என்று கேட்பவர்கள் என் முழங்காலைப் பார்த்ததில்லை. மார்கழியில் பச்சைத் தண்ணீரைக் காட்டினால் அது என்னைக் கேட்காமலேயே மடங்கிக்கொள்ளும். அதனால் கொல்லையில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு செம்பு பாய்லர் வைத்திருக்கிறேன். நடுவில் உள்ள குழலில் சவுக்குக் குச்சியும் கொட்டாங்கச்சியும் போட்டு எரித்தால் சுற்றியுள்ள தண்ணீர் சுடும். பல வீடுகளில் இருந்த சாமான்தான். ஆனால் நான் மில்லில் பாய்லர் பார்த்தவன். மில்லை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது, பார்ப்பதற்கு எனக்கு இது ஒன்றுதான் மிச்சம்.

ஆகவே குழாய் இழுத்தேன். தண்ணீர் வர ஒன்று, போக ஒன்று, கலக்க ஒன்று, கசடு கழிக்க ஒன்று என்று தொடங்கி ஏழு வால்வுகள். ஏழாவது எதற்கென்று எனக்கே நிச்சயமில்லை. ஆறோடு நிறுத்த மனம் வரவில்லை. நெருப்பை ஊத ஒரு சின்ன ஃபேன், அதற்கு ரெகுலேட்டர், சூடு காட்ட மீட்டர். கடைசியாக ஒரு மணி. மில் சட்டம் அது: வால்வைத் திறக்கும் முன் மணி அடிக்க வேண்டும், குழாயின் மறுமுனையில் நிற்பவன் விலகிக்கொள்ள. என் வீட்டு மறுமுனை குளியலறை. அங்கே என் மனைவி நிற்பாள். மணி அடித்ததும் குரல் வரும்.

"ஒதுங்கிட்டேன், தொறங்க சூப்பர்வைசரே. ஒரு பக்கெட் தண்ணிக்கு எத்தினி ஷிப்டு ஓட்டுவீங்க?"

அவள் போய் மூன்று மார்கழி ஆகிறது. நான் மணி அடிப்பதை விடவில்லை. அடித்துவிட்டு, அவள் பதில் சொல்ல எடுக்கும் நேரம் காத்திருந்து, திறப்பேன். பிறகு ஓடிப்போய் மறுமுனையிலும் நானே நிற்பேன்.

போன கார்த்திகையில் தலையில் சீயக்காயோடு நிற்கும்போது தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. கண்ணை மூடியபடி துண்டோடு கொல்லைக்கு ஓடி, நான்காவதை மூடுவதாக நினைத்து ஐந்தாவதைத் திறந்தேன். ஐந்தாவது என் காலுக்கு நேராக இருந்தது. அதை அங்கே வைத்த மேதை யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் தையல்கார பாய் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். வால்வு வால்வாக விளக்கினேன். மூன்றாவது வால்விலேயே அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

பிரான்சில் இருக்கும் மகள் வீடியோவில் என் கால் கட்டைப் பார்த்தாள்.

"இங்க ஒரே ஒரு திருகுதாம்ப்பா, வீடே சூடாவுது. நீ ஒரு பக்கெட்டுக்கு ஏழு வச்சிருக்க. ஒண்ணாக்கு. இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு தவளக்குப்பம் அத்தை வீட்டுக்குப் போயிடு. பொங்கலுக்கு வந்து பாப்பேன்."

அவளுடைய அத்தை, என் தங்கை, நல்லவள். எனக்கு அங்கே இடமும் உண்டு, சோறும் உண்டு. ஆனால் அந்த வீட்டில் நான்தான் எதற்கென்று தெரியாத ஏழாவது வால்வு.

நான்கு நாள் ஸ்பானரோடு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, பாய்லர் கடையிலிருந்து வந்த நாளுக்கே திரும்பிப் போனது. அதன் சூட்சுமமே எளிது: பச்சைத் தண்ணீர் உள்ளே இறங்கினால், அது தள்ளிவிடும் வெந்நீர் தானாக வெளியே வரும். வெளியே போகும் வழியை மூடவே கூடாது. உள்ளே வரும் பக்கம் ஒரு குழாய் போதும். இத்தனை வருஷம் பாய்லர் பார்த்தவனுக்கு இது புரியக் காலைச் சுட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஒரு குழாயைக் குளியலறைச் சுவரில், கைக்கு எட்டும்படி வைத்தேன். இனி திறப்பவனும் குளிப்பவனும் ஒருவனே. யாரை விலகச் சொல்வது? மணியையும் கழற்றி, வால்வுகளோடு கோணியில் போட்டேன்.

மறுநாள் காலை குளித்தேன். பதமான சூடு, ஒரே திருகு. வீட்டில் சத்தமே இல்லை. நேற்று வரை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

காப்பி குடித்துப் பேப்பரையும் படித்து முடித்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். பாய் வீட்டம்மா, மூச்சு வாங்க நின்றிருந்தார். மணி கேட்கவில்லையே, உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க வந்திருக்கிறார்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"நீங்க நல்லாத்தாண்ணே இருக்கீங்க. எங்க பசங்களுக்கு ஸ்கூல் வேன் போயிடுச்சு. ஏன் மணி அடிக்கல?"

"கழட்டிட்டேம்மா."

"யாரக் கேட்டுக் கழட்டினீங்க? அத வச்சுத்தான் எங்க வூட்டுல எல்லாம் எழுந்திரிக்கிறோம். அலாரம் வச்சா அமத்திட்டுத் தூங்குதுங்க. உங்கள அமத்த முடியாதில்ல."

அன்றைக்கே கோணியைக் கவிழ்த்தேன்.

பொங்கலுக்கு வந்த மகள் கொல்லையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஒரு திருகு, சரி. மணி எதுக்குப்பா?"

"அது பாய்லருக்கு இல்ல."

அதன் பிறகு அவள் தவளக்குப்பம் பேச்சை எடுக்கவில்லை. பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள்.

இப்போதும் காலையில் மணி அடித்துவிட்டுக் காத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம், "எழுந்திருடா, அடிச்சிட்டாரு பாரு" என்று குரல் வருகிறது. எனக்குச் சொன்னதில்லைதான். இருந்தாலும் அதைக் கேட்ட பிறகே குழாயைத் திறக்கிறேன்.