மைனஸ் நாற்பது காட்டிய வண்டி

போன கோடையில் ஒரு காலை, கனகம்மாசத்திரத்தில் இருக்கும் என் மருந்துக்கடைக்குப் போகும் வழியில், காரின் முகப்பில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. திருத்தணியிலிருந்து தினமும் என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் பழைய வண்டி; அதன் முக்கல் முனகல் எல்லாம் எனக்குப் பழக்கம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

என் கணவருக்குக் கார் ஓட்ட வராது. ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தவர், மலைக்கோவில் பாதை வளைவில் எதிரே பஸ் வந்த அன்றோடு நின்றுவிட்டார். சென்னைக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர். போக வர, வழி நெடுக, கார் பழுது பார்க்கும் வீடியோக்களாகப் பார்ப்பார். அதனால் ஓட்டுவதைத் தவிர மற்றதெல்லாம் தெரியும்.

வண்டியின் கோளாறைப் போனில் காட்டும் என்று அவர் எப்போதோ வாங்கி வைத்திருந்த தீப்பெட்டி அளவுக் கருவிக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து அதைச் செருகினார். தலையை நிமிர்த்தும்போது இடித்துக்கொண்டார். பிறகு போனைப் பார்த்து, ஏதோ பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"பி-0113."

"அப்டீன்னா இன்னாங்க?"

"இஞ்சினுக்குள்ள போற காத்து எவ்ளோ சூடுன்னு பாக்க ஒரு சென்சார் கீது. அதுல கோளாறு. இங்க பாரு, மைனஸ் நாப்பது காட்டுது."

தொலைக்காட்சியில் வெயில் அதிகம் அடித்த ஊர்களைச் சொல்லும்போது எங்கள் ஊரை விடமாட்டார்கள். அந்த வாரம் தினமும் சொன்னார்கள். சாயங்காலத்திலும் காரின் கதவுப்பிடியைத் துணி வைத்துத்தான் தொட முடிந்தது. அந்த வண்டிக்குத்தான் மைனஸ் நாற்பது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். திருவாலங்காட்டில் நிலம் வைத்திருக்கிறார். எங்களோடு இருந்துகொண்டே பஸ்ஸில் போய் விவசாயம் பார்த்துவருகிறார்.

"மைனஸ் நாப்பதாம்மா? அப்போ ஏசி எதுக்குப் போட்டுகினு போற? கண்ணாடிய இறக்கி உட்டா போதுமே" என்றார் என்னிடம்.

"நைனா, நீ கம்முனு இரு" என்றார் கணவர்.

மறுநாளிலிருந்து மாமனார் என்னை வழியனுப்பும்போது, "ஸ்வெட்டர் எடுத்துகினியாம்மா?" என்று கேட்கத் தொடங்கினார். முகத்தில் சிரிப்பே இருக்காது.

கணவர் புது சென்சார் வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே மாட்டினார். எங்கள் கடைக்கும் சிலர் இப்படித்தான் வருவார்கள். போனில் படித்துவிட்டு, வியாதியின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்க என்று சொல்லத் தெரிந்த எனக்கு, வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. சாவி போட்டேன். போனில் அதே மைனஸ் நாற்பது.

"கம்ப்யூட்டரே போச்சு போல கீது" என்றார் சோகமாக. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைச் சொல்கிறார்.

போனை வாங்கி, அந்தக் கோளாறுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்ததை நான் மேலிருந்து படித்தேன். சென்சாரை மாற்றுவது கடைசியில்தான் இருந்தது.

"இன்னாங்க, முதல்ல ஒயர் அறுந்துகீதான்னு பாக்கச் சொல்லுது."

"மேல நல்லாத்தான் கீது."

"கீழ?"

கீழே அவர் பார்த்திருக்கவில்லை. காற்று வடிகட்டிப் பெட்டியின் திருகுகளைக் கழற்றி, பெட்டியை அப்படியே தூக்கினார். அடியில் கை நிறைய வேர்க்கடலைத் தோல், கொஞ்சம் சாக்கு நார், முழுசாக இரண்டு மூன்று கடலை. சென்சாருக்குப் போகும் ஒயர் கடித்துத் துண்டாக்கப்பட்டிருந்தது. காற்றின் சூட்டைச் சொல்ல வழியில்லாமல்தான் அது மைனஸ் நாற்பதிலேயே நின்றிருக்கிறது.

கணவர் ஒரு கடலையை எடுத்துத் தன் அப்பாவிடம் காட்டினார். கார் நிற்கும் கொட்டகையில், பின்சுவர் ஓரமாக, விதைக்கென்று மாமனார் கொண்டுவந்து வைத்த கடலை மூட்டை இருந்தது. போய்ப் பார்த்தோம். மூட்டையின் அடியில் ஓட்டை.

மாமனார் மூட்டையைச் சுற்றி வந்தார். "நல்ல கடலைதான். எலிக்கே தெரியுது பாரு" என்றார்.

"மைனஸ் நாப்பது உங்க மூட்டையாலதான் வந்துகீது. ஸ்வெட்டர் உங்களுக்குத்தான் மாமா வேணும்" என்றேன் நான். அப்போதுதான் சிரித்தார்.

பைபாஸ் பக்கம் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒயரை ஒட்டவைத்து, மேலே உறை போட்டுத் தந்தார். வண்டியில் பதிவாகியிருந்த கோளாறைக் கணவர் போனிலிருந்தே அழித்தார், விளக்கு அணைந்தது. போன் ஐம்பதுக்கும் மேல் காட்டியது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட திருத்தணிக்காரர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

மூட்டை வீட்டுக்குள் வந்தது. கொட்டகையில் கூண்டு வைத்தோம். கடலையையே வைத்ததால் எலி சீக்கிரமே மாட்டிக்கொண்டது. கொல்ல மாமனாருக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் எங்காவது விட்டால் திரும்பி வந்துவிடும், நகரி ரோட்டில் ஆந்திரா எல்லை தாண்டி விட்டுவிடலாம் என்றார். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் கணவர் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் மாமனார், மடியில் கூண்டு.

தெலுங்குப் பலகைகள் ஆரம்பித்ததும் ஒரு மாந்தோப்பு ஓரமாக நிறுத்தினோம். மாமனார் கூண்டைத் தரையில் வைத்துக் கதவைத் திறந்தார். எலி மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. "போ, போ" என்று சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. கணவர் கூண்டைக் காலால் லேசாகத் தட்டினார். அப்போதும் இல்லை.

மாமனார் குந்தி உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்து, "பயட்டிக்கி போரா, நைனா" என்றார். வெளியே போப்பா என்பதைத் தெலுங்கில், மிகப் பாசமாக.

எலி வெளியே வந்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, தோப்புக்குள் ஓடிவிட்டது.