ஓவர்வோல்டேஜும் ஒரு நனைந்த கோட்டும்

போன வாரம் எங்கள் அடுக்ககத்து லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நானும் ஒரு தண்ணீர் கேனும் மட்டும். ஒருவழியாக வெளியே வந்து, சர்வீஸுக்கு வந்தவரிடம் என்ன கோளாறு என்று கேட்டேன். “ஓவர்வோல்டேஜ் டிரிப் சார். யாராவது பட்டனத் தப்பா அமுக்கியிருப்பாங்க” என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். பட்டனை அமுக்கி வோல்டேஜை ஏற்ற முடியுமென்றால் ஊருக்குள் மின்வாரியம் எதற்கு என்று கேட்டுவிட்டேன். லிஃப்டுக்குள் மூச்சு முட்டியதில் இந்தப் பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கோபம் அவர்மேல் இல்லை. அந்த வாக்கியத்தின்மேல். அதை நான் முதன்முதலில் கேட்டது எண்பதுகளில், கொடைக்கானலுக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு லென்ஸ் தொழிற்சாலையில். மலைக்காற்றில் தூசி குறைவு, கண்ணாடி தேய்க்க ஏற்ற இடம் என்று யாரோ சொல்லி அங்கே கட்டியிருந்தார்கள். தூசி குறைவுதான். ஆனால் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஐப்பசி மாதத்தில் மேகம் ஜன்னல் வழியாக வந்து கதவு வழியாகப் போகும்.

நான் மதுரைக் கிளையில் சர்வீஸ் இன்ஜினியர். எங்கள் கம்பெனி விற்ற, மோட்டாரை ஆட்டிவைக்கும் சர்வோ டிரைவ் அங்கே கனமான ஒரு வட்ட மேசையைச் சுழற்றிக்கொண்டிருந்தது. மேசைமேல் கண்ணாடி வட்டு, அதன்மேல் தேய்க்கும் கருவி. நிமிடத்துக்கு ஒருமுறை மேசை சுழன்று சட்டென்று நிற்கவேண்டும். சுழலும் கனத்தை நிறுத்தும்போது மோட்டாரே கரண்டை உண்டாக்கி டிரைவுக்குள் திருப்பித் தள்ளும். அந்த உபரியைத் தள்ளிவிட இடம் இல்லாவிட்டால் உள்ளே வோல்டேஜ் ஏறி, டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையை விரித்துவிடும்; அதுதான் டிரிப். அதற்காகத்தான் சுவரோரமாக ஒரு ரெசிஸ்டர் பெட்டி. உபரிக் கரண்ட் அதற்குள் போய்ச் சூடாகித் தீர்ந்துபோகும். வத்தலக்குண்டு சாலையில் பஸ் இறங்கும்போது பிரேக் சூடாகிறதே, அந்தக் கதைதான்.

அந்த மேசை வாரத்துக்கு இரண்டுமுறை டிரிப் ஆகிக்கொண்டிருந்தது. டிரைவ் கைவிட்டதும் மேசை தன்போக்கில் ஓட, சில சமயம் கருவி கண்ணாடியைக் கீறிவிடும். மேசையை இயக்கியவர் லெச்சுமி. நாற்பது வயதிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். தொழிற்சாலைக்குப் பின்னால் சரிவிலிருந்த லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தார். “பட்டனத் தப்பா அமுக்கியிருப்பா, சிலோன்காரிக்கு மெஷின் வராது” என்பது மேனேஜரின் முடிவு. இரண்டு மெமோ கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது வட்டு கீறினால் வேலை போகும், லயத்து வீடும் கூடவே போகும்.

“நான் நிப்பாட்டுற பட்டனத் தவிர ஒண்ணையும் தொடல்லைங்க” என்றார் லெச்சுமி என்னிடம். “அங்க தோட்டத்துல இருந்து தொரத்துனாங்க, இங்க வந்தோம். இங்கயும் தொரத்துனா எங்கங்க போறது?”

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். முதல் தடவை மின்சார வாரியத்தைக் குறைசொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை டிரைவுக்குள் ஒரு கார்டை மாற்றினேன். இரண்டு தடவையும் நான் நின்ற இரண்டு நாளும் மேசை பத்தரைமாற்றுத் தங்கமாக ஓடியது. நான் மலையிறங்கியதும் டிரிப். என்னைக் கண்டால் கோளாறுக்குப் பயம் என்று மதுரை ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான் என்று அப்போது தெரியாது.

அங்கே எலெக்ட்ரீஷியன் சவரிமுத்து. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஒவ்வொரு டிரிப்பையும் டைரியில் குறித்துவைத்திருந்தார். “சார், மெயின்ஸ்ல ப்ராப்ளமே இல்ல. மழை நாள்லதான் ஆகுது. அதுவும் காலையில பத்து மணிக்கு மேலதான் ஆகுது. ஒரு அரை மணி நேரம் விட்டுட்டா தன்னால சரியாயிருது” என்றார். மழைக்கும் பத்து மணிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சிரித்தேன். கேட்க வேண்டியவர் பேச்சை எல்லாம் அந்த வயதில் அப்படித்தான் கேட்டேன்.

மூன்றாம் தடவை டிரங்க்கால் கிடைக்காததால் வருவதைச் சொல்லாமலே கிளம்பினேன். பஸ்ஸைத் தவறவிட்டு, அரிசி ஏற்றிய லாரியில் தொற்றி, பெருமாள்மலைக்கு மேல் நல்ல மழையில் நனைந்து, காலை ஏழரை மணிக்குத் தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். ரெசிஸ்டர் பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கம்பளிக் குவியல் ஆவிவிட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஐந்தாறு பெண்கள் பாய்ந்து வந்து கம்பளிகளை உருவிக்கொண்டு ஓடினார்கள்.

“இன்ஜினியர் ஐயா வாற நாள்ல எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சிருவோமுங்க” என்றார் லெச்சுமி, நிற்க முடியாத வெட்கத்துடன். “லயத்துல இருந்து வாறதுக்குள்ள தொப்பலா நனைஞ்சிருது. பொழுதன்னிக்கும் ஈரத்தோட நிக்க முடியல்லைங்க.” பிறகு என்னைப் பார்த்தார். நான் போட்டிருந்தது என் கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக்கொடுத்த கனத்த கம்பளிக் கோட்டு, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “ஐயோ, கழட்டிக் குடுங்கய்யா, காச்சல் வந்துரும்” என்று அதை வாங்கிப் பெட்டியின்மேல் பாந்தமாக விரித்துப் போட்டார். நான் தடுத்தேனா? இல்லை. எனக்குக் குளிர்ந்தது. கொடுத்த கருப்புக் காப்பியைக் குடித்துக்கொண்டு, மீட்டரை எடுத்துவைத்து, வழக்கம்போலத் தப்பான இடத்தில் கோளாறைத் தேட ஆரம்பித்தேன்.

பத்து மணி தாண்டியதும் மேசை டிரிப் ஆனது. மூன்றாவது வட்டில் நீளமாக ஒரு கீறல். லெச்சுமி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஈரமாக இருக்கும்வரை துணியே பெட்டியைக் குளிர்வித்திருக்கிறது. காய்ந்ததும் காற்றை அடைத்து மூடிக்கொண்டது. சூடு மிஞ்சினால் ரெசிஸ்டரை இணைப்பிலிருந்து பிரித்துவிட உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. எங்கள் ஆட்கள் அதை யாருக்கும் தெரியாமல் பிரியும்படி வைத்திருந்தார்கள். விளக்கும் இல்லை, மணியும் இல்லை. ரெசிஸ்டர் பிரிந்தது தெரியாமல் அடுத்தமுறை மேசையை நிறுத்தினால் ஓவர்வோல்டேஜ். அரை மணியில் பெட்டி ஆறிச் சுவிட்ச் சேர்ந்துகொண்டால் எல்லாம் சரி.

மேனேஜருக்குக் கம்பளி விஷயம் எப்படியோ போய்விட்டது. மகிழ்ச்சியோடு வந்தார். “ரிப்போர்ட்ல ஆபரேட்டர் மிஸ்டேக்னு எழுதுங்க மிஸ்டர். உங்க கம்பெனிக்கும் நல்லது, எனக்கும் நல்லது. அந்த அஞ்சாறு பேரையும் சேத்து அனுப்பிடறேன்” என்றார். உண்மையில் எங்கள் கம்பெனிக்கு அது நல்லதுதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். வெப்ப சுவிட்ச் பிரிந்தால் டிரைவை முறையாக நிறுத்த வழி செய்யாதது தயாரித்தவர்களின் பிழை. காற்றில்லாத மூலையில் பெட்டியை வைத்தது நிறுவியவர்களின் பிழை. நனைந்து வரும் தொழிலாளர்களுக்குத் துணி உலர்த்த இடமில்லாதது தொழிற்சாலையின் பிழை. சம்பவத்தன்று பெட்டியை மூடியிருந்த பொருள்: சர்வீஸ் இன்ஜினியரின் கம்பளிக் கோட்டு, ஒன்று.

மேனேஜர் படித்துவிட்டு, “மத்த நாள்?” என்றார்.

“மத்த நாள் நான் பாக்கல. பாக்காதத எழுத மாட்டேன். மெமோ குடுக்கணும்னா எனக்குக் குடுங்க சார்.”

காகிதத்தைத் திரும்ப வாங்கினேன். கையெழுத்தைக் கொட்டை எழுத்தில் போட்டேன். சர்வீஸ் இன்ஜினியருக்கு மெமோ கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. கோட்டுக்குச் சொந்தக்காரனே ஒத்துக்கொண்ட பிறகு லெச்சுமிக்குக் கொடுக்கவும் காரணமில்லை. மூன்றாவது மெமோ வரவேயில்லை.

அடுத்த இரண்டு நாளில் சவரிமுத்துவும் நானும் சுவிட்சுக்கு ஒரு சிவப்பு விளக்கும் மேசையை மெதுவாக நிறுத்தும் ரிலேயும் வைத்தோம். பெட்டியைக் காற்றோட்டமான சுவருக்கு மாற்றினோம். சுற்றிலும் ஒரு முழ இடைவெளி விட்டு இரும்புக் கம்பிக் கூண்டு அடித்தோம். வரைபடத்தில் அதன் பெயர் பாதுகாப்புக் கூண்டு. பாதுகாப்புக்கு எதற்கு இத்தனை கொக்கி என்று மேனேஜர் கேட்டார். “ஸ்டாண்டர்ட் டிசைன் சார்” என்றார் சவரிமுத்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷன். மறுநாள் மழையில் ஆறு கம்பளிகள் அந்தக் கொக்கிகளில் தொங்கின. மேசை டிரிப் ஆகாமல் ஓடியது. கொக்கிகளை அறுக்கச் சொல்லி உத்தரவு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். “அறுத்தா ஆணி அடிப்போமுங்க” என்று லெச்சுமி மேனேஜர் முகத்துக்கு நேரே சொன்னாராம். அதையும் கேள்விப்பட்டேன், அன்றைக்கு இரண்டு சாப்பாடு சாப்பிட்டேன்.

எனக்கு வடக்கே மாற்றல் வந்தது. காரணம் எழுதவில்லை, எனக்குத் தெரியும். இன்றும் அந்த ரிப்போர்ட்டில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

இப்போதைய டிரைவ்கள் பல உபரிக் கரண்டை லைனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. சூடு கிடையாது, பெட்டியும் கிடையாது. தொழிற்சாலை மூடிப் பல வருடமாகிறது. லயத்தை இடித்துவிட்டார்கள். லெச்சுமி குடும்பம் எங்கே போனது என்று சவரிமுத்துவின் மகனுக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் இப்போது காட்டேஜ்கள். பிடிவாதமாகப் போய் ஒரு நாள் தங்கினேன். அறைக்கு அறை ஹீட்டர். காலையில் அறையைப் பெருக்க வந்த பெண்ணின் ஸ்வெட்டர் பிழிந்தெடுக்கும் ஈரம். எங்கேம்மா காயப்போடுவீங்க என்று கேட்டேன்.

“உடம்பு மேலேயே காஞ்சிரும் சார்” என்றார், பெருக்குவதை நிறுத்தாமல்.