கல்முகம் அடுக்கிய விறகு

என் சித்தி மகன் திபுர்சியோவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்முகம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊர் ஓடைப்பள்ளத்தில் அந்தக் காலத்து ஆட்கள் செதுக்கின, ஆள் உயரத்தைவிடப் பெரிய ஒரு கல் தலை கிடக்கிறது. சப்பை மூக்கு, தடித்த உதடு, இறுக்கிக் கட்டின தொப்பி, சாப்பிட்டது பிடிக்காத மாதிரி ஒரு பார்வை. இவன் பிறந்தபோது மருத்துவச்சி தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி, ஓடையிலருந்து பேத்து எடுத்துட்டு வந்தியா?" என்றாளாம். சித்தி எஸ்கொலாஸ்திகாவுக்கும் என் பாட்டி ப்ராக்செதிஸுக்கும் அதே மூக்குதான். எனக்கும்தான், வேறெங்கே போகும்?

கல்லைப் பார்க்க வருகிறவர்கள் இவனையும் பார்க்காமல் போகமாட்டார்கள். ஒரு வருஷம் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து கல்லின் முகத்தை நாடா வைத்து அளந்தார். இவன் முகத்தையும் அளந்தார். சந்தையில் எல்லோரும் கேட்க, இந்த முகத்துக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் என்றார். பிறகு இன்னொருவர் வந்து, அதெல்லாம் இல்லை, இவர்கள் செதுக்கின பச்சைக்கல்லைப் பாருங்கள், சீனத்திலிருந்து வந்தவர்கள் என்றார். தலைநகரத்திலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி மட்டும், எங்கேயிருந்தும் வரவில்லை, இந்த ஆற்றுச் சேற்றிலேயே சோளம் விதைத்துப் பெருகினவர்கள்தான், கப்பலுக்கு ஒரு அத்தாட்சியும் இல்லை என்று அடித்துச் சொன்னாள். ஊரில் அவள் பேச்சு எடுபடவில்லை. சேற்றுக் கதையை யார் கேட்பார்கள்? கப்பல் கதைதான் நின்றது.

அந்தக் கப்பல் வந்து முட்டினது திபுர்சியோவின் கல்யாணத்தில். மெல்கியாதெஸின் இளைய மகள் ஓதிலியாமேல் அவனுக்கு ஆசை, அவளுக்கும்தான். எங்களில் பெண் கேட்கிறவன் விடியும் முன்னே விறகு சுமந்துவந்து பெண் வீட்டு வாசலில் அடுக்க வேண்டும். விறகு கிடந்தபடியே கிடந்தால் பெண் இல்லை. அதை எரித்துச் சமைத்ததைப் பெண்ணின் அப்பா வாயில் வைத்துவிட்டால் பெண் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் பேச்சு மாற முடியாது.

மெல்கியாதெஸுக்கு ஒரு காயம் இருந்தது. மூத்தவள் ரோசால்பாவை எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்த வெளியூர்க்காரனுக்குக் கொடுத்தார். அவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். அதிலிருந்து வந்தேறி என்றாலே அவருக்கு ஆகாது. திபுர்சியோ முதல் கட்டு விறகை இறக்கினதுமே வாசலில் வந்து நின்றார்.

"என்னடா கப்பல்காரா, உங்காளுங்க எந்தக் கரையில எறங்கினாங்கன்னு முடிவாயிருச்சா?"

"எனக்கு எங்கம்மா வீடுதான் தெரியும் மாமா. அந்தா, மாமரத்துக்குப் பின்னாடி."

"மாமாவாம் மாமா! கப்பல்ல வந்தவன் கப்பல்லயே போயிருவான். ஒருத்தனப் பாத்தாச்சு."

"கப்பலா? ஆத்துத் தோணியில ஏறினாலே எனக்கு வாந்தி வருது."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விறகு கிடந்தது. இவனும் விடவில்லை. தினமும் கொண்டுவந்து அடுக்கி, நனையாமல் பனையோலை போட்டு மூடிவிட்டுப் போவான். தோளில் தோல் உரிந்துபோனது. ஓதிலியா அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள், பார்த்தால் அழுகை வருகிறதென்று.

செத்தவர்கள் வீடு தேடி வருகிற நாள் வந்தது. அந்த வருஷம் பார்த்து வடக்குக் காற்றும் மழையும் கூரையைப் பிய்த்தன. மெல்கியாதெஸின் அம்மாவுக்குப் படைக்கத் தமால் செய்ய வேண்டும். சோளமாவில் பன்றிக்கறி வைத்து வாழையிலையில் கட்டுகிற வேலைக்கு நானும் போயிருந்தேன். அவர் மனைவி நிகாசியா அடுப்பை மூட்டினாள். நல்ல தீ.

படைத்து முடித்து அவர் ஒன்றைப் பிரித்துத் தின்றார். இரண்டாவதைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏண்டி, நம்ம வெறகெல்லாம் ஊறிப்போச்சே. இவ்வளவு தீ எப்படி?"

"வாசல்ல காஞ்சது கெடந்துச்சு. எடுத்தேன்."

மென்ற வாய் நின்றது. விழுங்கவும் முடியவில்லை. துப்பலாமென்றால், அம்மாவுக்குப் படைத்ததைத் துப்ப முடியுமா? நிகாசியா எங்கள் யாரையும் பார்க்காமல் இலைக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வேணும்னே செஞ்சியா?" என்றார் வாயில் கவளத்தோடே.

பதில் சொன்னது ரோசால்பா. "அப்பா, போனவன் ஒரு குச்சி வெறகு கொண்டாந்தானா? ரேடியோ கொண்டாந்தான். நீங்களும் ஆசையா வாங்கி வச்சீங்க."

அவர் வாயிலிருந்ததை மறுபடி மென்றார். பிறகு விழுங்கினார்.

"அந்தக் கப்பல்காரனக் கூப்பிடு. ஆறிப்போறதுக்குள்ள வந்து திங்கட்டும்."

திபுர்சியோ எங்கும் போகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சந்தைக்குப் போனால்கூட இருட்டுமுன் திரும்பிவிடுவான். முதல் பெண் குழந்தை அதே மூக்கோடு பிறந்தது. மாலையில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்கியாதெஸ் ஓடைப்பள்ளத்துக்குப் போவார். அங்கே யாராவது நாடாவும் கையுமாக நின்று பிள்ளையைப் பார்த்துக் கண்ணை விரித்தால், பிள்ளையைச் சுற்றின துணியால் அவள் முகத்தை மூடுவார்.

"அளக்கணும்னா கல்ல அளந்துக்குங்க. இவ எங்க வீட்டுப் புள்ள."