ஒரு குப்பி பறக்காத ஈக்கள்

பள்ளியை எட்டாவதோடு விட்டவன் நான். ஈரோட்டில் மஞ்சள் மூட்டை தூக்கினேன். தோளில் தசைநார் அறுந்தது. பல்லடம் பக்கம் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் சேர்ந்தேன், அதை மூடிவிட்டார்கள். அப்புறம் கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களுக்குச் சமையல்காரன் ஆனேன். மக்காச்சோள மாவும் வெல்லமும் ஈஸ்டும் போட்டுக் கூழ் கிண்டி, கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி ஆறவைத்து, ஈக்களைப் பழைய குப்பியிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். என் சமையலைக் குறை சொல்லாதவை அவை மட்டும்தான்.

குஞ்சுப் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. எழுந்து நிற்காத குஞ்சைக் கழித்துவிடுவோம். அந்தப் பழக்கம் கையோடு இங்கேயும் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் மூலைக் குப்பியைத் தட்டினேன். ஈக்கள் அடியிலேயே ஊர்ந்தன, ஒன்றுகூடப் பறக்கவில்லை. சீக்கு என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் உதறினேன். குப்பியையும் கழுவிக் கவிழ்த்தேன்.

மத்தியானம் ஆராய்ச்சி மாணவி வந்தாள். உடுமலைப்பேட்டைக்காரி.

“ஏனுங்ண்ணா, மூலைல இருந்த குப்பி எங்கீங்க?”

“அதுங்களா அம்மணி? ஒண்ணும் பறக்கலீங்க. கழிச்சுப்போட்டேன்.”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். “பறக்காம இருக்கோணும்னுதானுங்ண்ணா ரெண்டு வருசமா வளத்தறேன். அந்த ஒரு குப்பிதானுங்க இருந்துச்சு.”

தசை வளரும்போது அதன் நுனி எங்கே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு மரபணுக்கள் வழிகாட்டுமாம். அவற்றில் ஒன்று இந்த ஈக்களில் கெட்டிருந்தது. தசை இருக்கும், பிடிப்பு நிற்காது; சிறகடித்தால் கழன்றுகொள்ளும். அவள் சொல்லச் சொல்ல நான் என் தோளைத் தடவிக்கொண்டேன்.

“காத்தால கொட்டுனதுங்க அம்மணி. இன்னேரம் எங்க பறந்து போயி...”

பாதியில் நிறுத்தினேன். அவளும் என்னைப் பார்த்தாள். இருவரும் தொட்டியிடம் ஓடினோம்.

நான் காலையில் தின்று போட்ட வாழைப்பழத் தோல்மீது ஏழு ஈக்கள் நிதானமாக உலாவிக்கொண்டிருந்தன. அவள் நடுவில் வலைத்துணி அடைத்த மெல்லிய குழாயை வாயில் வைத்து ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்து, லென்ஸில் பார்த்தாள்.

“ஆம்பளை ரெண்டு, பொம்பளை அஞ்சு. போதுமுங்ண்ணா.”

“கல்யாணச் சாப்பாடு நான் போடறனுங்க.”

“நீங்க சாப்பாடு மட்டும் போடுங்க. வேற எதையும் தூக்கிப் போட்றாதீங்க!”

வெல்லத்தை ஒரு பிடி கூடவே போட்டேன். பன்னிரண்டாம் நாள் புது ஈக்கள் வெளியே வந்தன. அவள் குப்பியை என்னிடமே நீட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினேன்.

ஒன்றும் பறக்கவில்லை. வெளியே போய் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தேன்.