தீவுக்குப் போன வரைபடம்

இரண்டாயிரம் பிறந்த புதிது. ஆஸ்பத்திரிக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில், லிங்கராஜபுரத்தில், வேலை பார்த்தேன். வெப்சைட் செய்யத் தெரியும் என்று ஒருநாள் வாயை விட்டேன்; அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. வாடிக்கையாளர்கள் தாங்களே இறக்கிக்கொள்ளும்படி இயந்திரங்களின் வரைபடங்களையும் அதில் போட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை.

அப்போதுதான் அந்தமானில் ஒரு தீவு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எங்கள் இயந்திரத்தின் வால்வைக் கழற்றிய டெக்னீஷியன் திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். கையேடு தொலைந்துபோயிருந்தது. ஃபேக்ஸில் அனுப்பிய படம் வெறும் கறுப்புத் தீற்றலாகப் போய்ச் சேர்ந்தது. கூரியர் போக ஒரு வாரமாகும்.

"நாளைக்குக் காலைல ஒரு சிசேரியன் இருக்கு மேடம். மெஷின் ஓடலேன்னா அந்தப் பொண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கப்பல்ல ஏத்தித்தான் அனுப்பணும்" என்றார்.

படத்தை ஸ்கேன் செய்து, வெப்சைட்டில் ஓர் இணைப்பு வைத்து, அழுத்திப் பார்த்தேன். கண் இமைப்பதற்குள் திறந்தது. டயல்-அப் காலத்தில் எதுவும் அவ்வளவு வேகமாகத் திறக்காது. நான் அதை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் கடையில் பார்த்துவிட்டு டெக்னீஷியன் கூப்பிட்டார். திறக்கவில்லை. மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அந்த ஆளுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியவில்லை என்று முதலாளியிடம் எரிந்து விழுந்தேன்.

"சும்னே கோவப்படாதம்மா. வெளிய போயி ஒரு வாட்டி பாத்துடலாம், வா" என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில்.

நிரூபித்துக் காட்டத்தான் அவருடைய ஸ்கூட்டரில் ஏறினேன். ஜீவனஹள்ளி பிரவுசிங் சென்டரில் இணைப்பை அழுத்தினால், 'சி டிரைவில்' என் பெயரிலுள்ள ஃபோல்டரில் அப்படி ஒரு படமே இல்லை என்றது. நான் படத்தை வெப்சைட்டில் ஏற்றவே இல்லை. என் மேஜைக் கணினியில் படம் இருக்கும் இடத்தைத்தான் இணைப்பில் கொடுத்திருந்தேன். உலகத்திலேயே என் மேஜையில் மட்டும் திறக்கும் படம் அது. அசடு வழிய நின்றேன். முதலாளி ஸ்கூட்டரைக் கிளப்பப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் ஆபீசில் இருந்தது ஒரே லைன். போனை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் ஏற்றினேன். திரும்பவும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். இந்த முறை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, கோடு கோடாக வால்வு இறங்கியது. பக்கத்துப் பேட்டையிலிருந்து கிளம்பி, எங்கள் வெப்சைட் குடியிருந்த, அமெரிக்காவில் எங்கோ இருக்கும் கணினிக்குப் போய், கடல்களைத் தாண்டி ஜீவனஹள்ளிக்கு வந்திருந்தது. எனக்குப் புல்லரித்தது. முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"நான் பென்சில்ல போட்ட கோடும்மா அது" என்றார், யாரோ வரைந்ததைப் பார்ப்பவர் போல.

மறுபடியும் பார்க்கச் சொல்லித் தீவுக்குப் போன் செய்தோம். சாயங்காலம் டெக்னீஷியன் கூப்பிட்டார். "படம் வந்துருச்சு மேடம். மாட்டிட்டேன். இருங்க, கேளுங்க" என்று ரிசீவரை இயந்திரத்தின் பக்கம் பிடித்தார்.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு நீராவி சீறியது. ரிசீவரை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். திருப்பி என்னிடம் நீட்டியபோது அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல்.

"டாக்டரம்மா பேசறேன். கப்பல் வேணாம்னு அந்தப் பொண்ணை இங்கயே படுக்கச் சொல்லிட்டேன்."